காருக்கு அடியில் ஒரு மாப்பிள்ளை

“இங்க நான் இருக்கேன், உங்கம்மா இருக்கா, நீ இருக்கே. வேற யாரும் என் கண்ணுக்குத் தெரியல,” என்றார் பெரியவர் மகளிடம்.

அவருடைய பழைய காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் கால்கள்.

மாப்பிள்ளை கார் மெக்கானிக். மகள் தானாகவே தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டவர். குடும்பத்துக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. தன்னைக் கேட்காமல் நடந்த கல்யாணத்துக்குப் பெரியவர் தலையாட்டவில்லை. அவர்களை வாசற்படி ஏறவிடவும் இல்லை.

அப்புறம்தான் கார் ஒழுக ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் ஷெட் தரையில் எண்ணெய்.

“வண்டி ஒழுகுதுன்னு உங்கப்பா சொல்லச் சொன்னார். உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வான்னு நான்தான் சொல்றேன், அவர் சொல்லல,” என்று மாமியார் மகளுக்குப் போன் செய்தார்.

ஒரு ஞாயிறு வால்வு மூடியின் கேஸ்கெட்டை மாற்றினார் மாப்பிள்ளை. அடுத்த ஞாயிறு எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுகளை எல்லாம் இறுக்கினார். ஒழுகல் நிற்கவில்லை.

இன்று எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி, மேலெல்லாம் வெள்ளைப் பவுடரைத் தூவி, வண்டியை ஓடவிட்டிருந்தார்.

“என்னவாம்? என் எஞ்சினுக்கு மேக்கப்பா? கேட்டுச் சொல்லு,” என்றார் பெரியவர் மகளிடம்.

“ஒழுகுற இடத்துல பவுடர் நனைஞ்சு கறுப்பாகும்னு உங்கப்பாகிட்ட சொல்லு,” என்றது காரின் அடிப்பகுதி.

“எனக்குக் காது கேக்குது. நீ சொல்ல வேண்டாம்.”

மகள் குனிந்து, “இன்னிக்குக் கண்டுபிடிச்சிருவீங்களா?” என்று கிசுகிசுத்தாள். குரலில் ஆசை இல்லை, பயம்தான் இருந்தது. ஒழுகல் நின்றால் இந்த வாசலும் அடைபட்டுவிடும்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அவர்கள் வருவதற்குள் மாமியார் தரையைத் துடைத்துவிடுவார். இன்று சீக்கிரம் வந்துவிட்டதால் எண்ணெய் அப்படியே கிடந்தது, தேன் நிறத்தில். எழுந்து வந்து எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். அதில் ஒட்டியிருந்த எண்ணெய் மைபோல் கறுத்திருந்தது. பவுடரை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு, யாரும் கிட்டே வருவதற்குள், துணியால் அவசர அவசரமாக அதைத் துடைத்தெடுத்தார்.

“இது லேசுப்பட்ட ஒழுகல் இல்ல மாமா,” என்றார் நேராகப் பெரியவரைப் பார்த்து. “வாராவாரம் வந்து பாத்துட்டே இருக்கணும்.”

பெரியவர் மீசையைத் தடவினார். தொண்டையைச் செருமினார். அன்றைக்குத்தான் முதல் முறையாக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

“வர்றதுன்னா சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்துருங்க மாப்பிள்ளை. வெறும் வயித்தோட என் வண்டிக்கு அடியில யாரும் படுக்க வேண்டாம்.”

மாமியார் தட்டு எடுக்க உள்ளே ஓடினார்.

அந்த ஒழுகலை மாப்பிள்ளை கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை, அவருக்குத் தொழில் தெரியாது என்று உறவுக்காரர்கள் நடுவில் ஒரு பேச்சு இருக்கிறது. சுத்தப் பொய். அந்தக் கார் ஒரு சொட்டுகூட ஒழுகியதில்லை. விடிவதற்கு முன் எழுந்து, புது ஆயில் டின்னைத் திறந்து தரையில் ஊற்றிவைத்தவர் பெரியவர்.