கயிற்றில் கட்டிய முகம்

மரத்தில் ஆணி அடிக்க விடமாட்டோம் என்பதுதான் அந்தப் பசுமைக் கட்சியின் முதல் வாக்குறுதி. ஜெயித்த பிறகு செய்ய வேண்டியதை இப்போதே செய்தால் என்ன என்று வேட்பாளர் பரஞ்சோதி ஏணியும் குறடுமாகக் கிளம்பிவிட்டார். ஏணியைப் பிடிக்க மனைவி ஜெசிந்தா. ஆணியைப் பிடுங்கியதும் எதிர்த்து நிற்பவரின் சிரித்த முகத் தட்டி கையோடு வந்துவிடும். அதைத் தூக்கி எறிய மனுஷனுக்கு மனசு வராது. நார்க்கயிற்றால் மரத்தோடு சேர்த்துக் கட்டி, ஷூ லேஸுக்குப் போடுவதுபோல் ஒரு பூமுடிச்சும் போடுவார்.

“நேரா இருக்கா, பாரு.”

“அந்தாளு மூஞ்சி கோணலா இருந்தா உங்களுக்கு என்னங்க?”

“நம்ம சண்டை ஆணியோட, ஜெசி.”

வழியில் போன பூக்காரி நின்று அண்ணாந்து பார்த்தாள். “வேகாத வெயில்ல இவருக்காக இப்படி ஒழைக்கிறீங்களே! எங்க வீட்டு ஓட்டு இவருக்குத்தான்” என்று தட்டியைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏணி ஆடியது.

“ஆட்டாதம்மா.”

வீடு திரும்பும்போது அடுத்த தெருவில், அவர்கள் இன்னும் கை வைக்காத வேப்பமரத்தில் அதே முகம் சிரித்தது. ஆணி இல்லை. கயிறுதான். பூமுடிச்சுப் போட யாரோ முயன்று, பாதியில் விட்டிருந்தார்கள்.

ஜெசிந்தா தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

“கொஞ்சம் கோணலா இருக்குங்க,” என்றாள். “ஏணியப் போடுங்க.”