கைப்பட்டை

கம்பெனி கட்டிவிட்ட கைப்பட்டையில் சோர்வு அளவு எழுபதைத் தாண்டினால் லேப்டாப் பூட்டிக்கொள்ளும். யாழிசைக்கு இப்போது அறுபத்தெட்டு காட்டுகிறது. மென்பொருளை மாலைக்குள் முடித்தாக வேண்டும். கணவன் நவநீதன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான்.

“நீ சும்மாதானே இருக்க? இதைக் கொஞ்ச நேரம் கட்டிக்கோ.”

தோளில் குழந்தையோடு அவன் கையை நீட்டினான். கட்டியதும் பட்டை தொண்ணூற்று மூன்று காட்டியது. லேப்டாப் பூட்டிக்கொண்டது.

“ரிப்பேர் போலிருக்கு, கழட்டிடு” என்றான்.

யாழிசை கழற்றவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு மேலாளருக்கு போன் போட்டாள். “சார், வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. மூணு நாள் லீவு வேணும். வேற ஆளைப் போட்டுக்குங்க.”

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்டபடியே நவநீதன் சோபாவில் தூங்கிப்போனான்.