கும்பளங்கியில் கடைசி இடம்

காலை ஒன்பது மணிக்கு மட்டாஞ்சேரியில் நல்லசிவத்தின் காரில் ஏறிய கோவைத் தம்பதி, பார்க்க வேண்டிய இடங்களைத் தாங்களே சொன்னார்கள். கும்பளங்கித் தீவில் வயல், இறால் பண்ணை, தோணிப் பயணம்.

"கடைசி இடத்தை அப்புறம் சொல்றோங்ணா."

"இன்னிக்கு முழுக்க வண்டி உங்களுக்குத்தான் மேடம். அடுத்த மாசம் என் மகன் ஷாஜிக்குக் கல்யாணம். அப்ப கூப்பிட்டா வரமாட்டேன்."

மதியம் கரிமீன் சாப்பிட்டுவிட்டு ஏறியதும் அந்த அம்மாள் சிரித்தாள்.

"இனி எங்க பையனுக்குப் பொண்ணு பார்க்கப் போறோங்ணா. அவன் துபாய்ல இருக்கான், பொண்ணு நர்ஸு. இங்கயே ஒரு பையனுக்கு நிச்சயம் பண்ணியிருந்தாங்களாம். நாங்க கேட்டதும் அதைய விட்டுட்டாங்க. அந்த வீட்டுக்கு அப்புறமா சொல்லிக்கறாங்களாம்."

"பின்னே? துபாய் மாப்ள வந்தா ஆராவது விடுவாங்களா!" நல்லசிவமும் சிரித்தார்.

அவள் போனைப் பார்த்து வழி சொன்னாள். பாலம் தாண்டி இடப்பக்கம், ரேஷன் கடைக்குப் பின்னால். கடைசி இரண்டு வளைவுகளில், அவள் வாய் திறக்கும் முன்பே கார் திரும்பியது.

வாசலில் பெண்ணின் அப்பா ராஜப்பன் புது வேட்டியில் கைகூப்பி நின்றார். டிரைவரைப் பார்த்ததும் கூப்பிய கை இறங்கவில்லை.

நல்லசிவம் இறங்கி, பின்கதவைத் திறந்துவிட்டார்.

"சம்மந்தி, வண்டியை நிழல்ல போடட்டா?"