வைல்ட்கேட் தோட்டா

ரவுண்ட் ராக் ஊர் வீட்டுச் சமையலறை சிங்க்கில், போன சீசனில் அபுதாஹிர் சுட்ட மானின் கடைசிப் பொட்டலம் இளகிக் கிடக்கிறது. குண்டு வயிற்றில் பாய்ந்து குடலைக் கிழித்த மான். மஞ்சள் போட்டு, வினிகர் ஊற்றி, மூன்று தடவை அலசியும் அந்தச் சாண நாற்றம் அவன் மனைவி முனவ்வராவின் விரலிடுக்கை விட்டுப் போகவில்லை. கருஞ்சிவப்புத் தண்ணீரில் முடி மிதக்கிறது. சன்னல் வெயில் விழும் மேஜையில், அவளுடைய பூப்போட்ட துண்டின் மேல் ரைபிள் படுத்திருக்கிறது. அபுதாஹிர் அதன் குழலை, குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுவதுபோல் துடைத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் சாய்த்து வைத்த போனில் எவனோ ஒருத்தன், செத்த மானின் தோளில் இருக்கும் ஓட்டைக்குள் முஷ்டியை விட்டுக் காட்டிச் சிரிக்கிறான். அபுதாஹிர் போனை அவள் பக்கம் திருப்புகிறான்.

“பாரு, இதுதான் வைல்ட்கேட் தோட்டா. கடையில கிடைக்காது, நாமளே செஞ்சுக்கணும். நம்ம ரைபிள்ல தோட்டா உக்கார்ற சேம்பரைக் கொஞ்சம் கடைஞ்சு பெருசாக்கிட்டா போதும். செம ஸ்பீடு. மான் நின்ன இடத்துலயே விழுந்துடும். பண்ணலாமா வேணாமான்னு துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித்துக்கு இன்னைக்கே சொல்லணும்.”

அவள் கறியிலிருந்து ஓர் எலும்புச் சில்லைக் கத்தி முனையால் நெம்பி எடுக்கிறாள்.

“இந்த மானைச் சுடறப்போ பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன். பிஸ்மி சொன்னீங்க. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டீங்க. அப்புறம்தான் சுட்டீங்க.”

“நானா? சும்மா சொல்லாத. அது ரைபிள் ப்ராப்ளம்.”

முனவ்வரா கத்தியை எவர்சில்வர் தட்டில் போடுகிறாள். ணங்கென்ற சத்தத்தில் அவன் தோள் துள்ளுகிறது. இரண்டு கண்களும் இறுக மூடிக்கொள்கின்றன.