மறுபடியும் ஜன்னல் பாட்டு

மூன்றாவது முறையும் அதே பாட்டு தொடங்கியபோது பல் டாக்டருக்குத் தாடை தொங்கிப் போயிற்று. ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்தும் மனிதர், தன் வாயை மூட மறந்து கச்சேரியின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“மாமா,” என்று மச்சினன் காதருகே குனிந்தான். “முதல்லயும் ஜன்னல் பாட்டு. அப்புறமும் ஜன்னல் பாட்டு. இப்பவும் ஜன்னல் பாட்டு. யாராவது எழுந்து போய் அந்த ஜன்னலைச் சாத்துங்களேன்!”

“பேசாம இருடா.”

மேடையில் பாடிக்கொண்டிருந்த பாடகருக்கு டாக்டர் சாதாரண ரசிகர் இல்லை. பல் பிடுங்கும்போதெல்லாம் அவர் பாட்டைத்தான் பாடுவார். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி தெரியாது. பாட்டு மட்டும் நன்றாகவே தெரியும். ‘இன்னொரு ஊசி காதுல போடுங்க டாக்டர்’ என்று கெஞ்சியவர்கள் உண்டு.

இன்றைக்குக் கிளினிக்கைப் பூட்டிவிட்டார். பூசணிக்காய் அளவு கன்னம் வீங்கி வந்தவரை, ‘நாளைக்கு வாங்க, பல்லு எங்கேயும் ஓடிடாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். வர மாட்டேன் என்ற மச்சினனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“மழைப் பாட்டை மட்டும் நேர்ல ஒரு தடவை கேட்டுட்டேன்னு வையி, அப்புறம் இந்தக் காது அடைச்சே போனாலும் கவலையில்லை,” என்று வழியெல்லாம் அதே பேச்சுதான். “மேடையில ரெண்டே பேரு. அவரும் அவரோட பியானோக்காரரும். மீசை முளைக்கிறதுக்கு முன்னாலேருந்து ஜோடி. என்ன பாடப் போறோம்னு பேசிக்கூட வச்சுக்க மாட்டாங்கடா. பியானோக்காரர் எதை வாசிக்க எடுத்தாலும் நம்ம பாடகர் சட்டுனு பாடிடுவார். ஐயாவுக்கு ஞாபகம்னா அப்படி ஒரு ஞாபகம்!”

அந்த ஞாபகம்தான் இப்போது அத்தனை பேர் முன்னால் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. கைதட்டலுக்குப் பதிலாக இருமலும் செருமலும் கேட்டன. பாடகர் பியானோ பக்கம் திரும்பிப் புன்னகையோடு தலையசைத்தார். விரல்கள் ஓடின. பாடகர் கண்ணை மூடிக்கொண்டு, அன்றுதான் புதிதாகக் கற்றுக்கொண்டவர் போல உருகி உருகி ஆரம்பித்தார்.

ஜன்னல் பாட்டு!

“யோவ் பெரியவரே, வேற பாட்டே தெரியாதா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். சிரிப்பு பரவியது. எங்கிருந்தோ ஒரு விசில் பறந்தது.

பாடகர் நிறுத்தவில்லை. ஒரு வரி விடாமல் பாடி முடித்தார். பிறகு மைக்கின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டார்.

“மன்னிச்சுக்குங்க. எனக்கு வயசாச்சு. எதைப் பாடினேன், எதைப் பாடலைன்னு இப்பல்லாம் மனசுல நிக்க மாட்டேங்குது. தப்பு என்னோடதுதான்.”

அரங்கம் கப்பென்று அடங்கியது. டாக்டருக்கு, மரப்பு ஊசி போடாமல் யாரோ கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது போல இருந்தது.

நாற்காலிகள் தடதடத்தன. கூட்டம் கலைய ஆரம்பித்தது. டாக்டர் துள்ளி எழுந்தார்.

“ஐயா! மழைப் பாட்டு! அது ஒண்ணே ஒண்ணு!”

பாடகர் அவரை நேராகப் பார்த்தார். பாடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் பியானோ ஒலித்துவிட்டது. ஒரு கணம் தயங்கியவர், டாக்டர் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடினார்.

மறுபடியும் ஜன்னல் பாட்டு.

அத்தோடு திரை விழுந்தது.

“வாங்க மாமா, மிச்சமிருக்கிற மானத்தோட வீட்டுக்குப் போயிடலாம்.”

“நீ போ. நான் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்காம வர மாட்டேன்!”

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் டாக்டர் புயலாக நுழைந்தார். பாடகர் ஒரு நாற்காலியில் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் பியானோக்காரர் தன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரைக் கண்டதும் பாடகர் எழுந்தார். “வாங்க. முன்வரிசை, பச்சைச் சட்டை. மழைப் பாட்டு கேட்டது நீங்கதானே?”

“ஓ, இது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கோ?” டாக்டர் குரலை உயர்த்தினார். “உங்களை எங்க வீட்டு ஆளு மாதிரி கொண்டாடினேனேய்யா! ஊரே கைகொட்டிச் சிரிக்குது. ஞாபகம் போனவருக்கு மேடை எதுக்கு? பேசாம வீட்டுல இருக்க வேண்டியதுதானே?”

பாடகருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் பார்வை மூலைப் பக்கம் ஓடித் திரும்பியது.

“என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. கொஞ்சம் மெதுவா... காதுல விழுந்துடும்.”

“யாரு காதுல? அதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே!”

அதற்குள் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்த பியானோக்காரர், முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

“ரசிகருங்களா? வாங்க, வாங்க. போய் உங்க இடத்துல உட்காருங்க, கச்சேரி இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!” என்றவர், பாடகர் பக்கம் திரும்பினார். “தம்பி, முதல்ல ஜன்னல் பாட்டை எடுக்கட்டுமா?”

“எடுங்கண்ணே,” என்றார் பாடகர். “அதைப் பாடி ரொம்ப நாளாச்சு.”