ஃபில்டருக்காக ஐம்பது நிமிடம்

"எந்த ஃபில்டரைச் சொல்றீங்க டீச்சர்? இந்த வண்டிக்கு அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதே."

லிஃப்டில் தூக்கி நிறுத்திய காரின் அடியில் நின்றுகொண்டு மெக்கானிக் கேட்டான். கணக்கு டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கரி ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள் என்று ஏதோ எஞ்சின் தெரிந்தவள் போல ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தாள். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

கணவர் குளியலறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டதால் இந்த முறை சர்வீஸுக்கு அவள் வரவேண்டியதாகிவிட்டது. மற்றபடி அந்தக் காரை அவர் யாரையும் தொடவிடமாட்டார். டர்போ டீசல் எஞ்சின். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஒரு நாள்கூட நடுத்தெருவில் நின்றதில்லை. ஆயில் மாற்றும் தேதி அவருக்கு நினைவிருக்கும். கல்யாண நாள் நினைவிருக்காது. வீட்டுக்கு வந்து நிறுத்தினாலும் டர்போ சூடு தணியட்டும் என்று ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார். அதுவரை அவளும் இறங்கக்கூடாது.

அவள் அந்தக் காருக்கு வைத்த பெயர் சக்களத்தி.

ஆனால் மூன்று வருடமாகச் சக்களத்தி மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதற்குக் காரணமே அந்த ஃபில்டர்தான்.

புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டராம். ஊருக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளுமாம். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் ஐம்பது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டினால், அந்தச் சூட்டில் கரி எரிந்து சுத்தமாகிவிடுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியோடு வந்த புத்தகத்தை விரித்துக் காட்டி அவர் சொன்னார். பக்கத்தில் ஆள் இருந்தால் எஞ்சினுக்குக் கொஞ்சம் பாரம் கிடைக்கும், நீயும் வா என்றார்.

பாரம் என்றதற்கு அவள் முறைத்தாள். முறைத்துக்கொண்டே போய் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. அவர் நேரே பார்த்து ஓட்டுவார். அவள் பள்ளிக்கூடத்து வம்பையெல்லாம் அவிழ்த்துவிடுவாள். ஏரிக்கரையில் நிறுத்தி பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடிப்பார்கள். எஞ்சினுக்கு ஓய்வு வேண்டும் என்பார். ஓய்வு சில நாள் ஒரு மணி நேரம்கூட நீளும்.

சும்மா வெளியே போய்வரலாம் என்று சொல்ல நாக்கு வளையாத மனிதர். இந்த ஞாயிறுகளை விட்டால், இருபத்தைந்து வருடத்தில் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி தவிர எங்கும் அவளைக் கூட்டிப்போனதில்லை. மருந்துக் கம்பெனியில் தரம் பார்ப்பது வேலை. எதற்கும் ஒரு காரணம் வேண்டும், அதுவும் எழுத்தில் வேண்டும்.

இப்போது அந்தக் காரணமே இல்லை என்கிறான் மெக்கானிக். எல்லா மாடலுக்கும் ஒரே புத்தகத்தைத்தான் அச்சடித்துக் கொடுப்பார்களாம். ஃபில்டர் பொருத்தியது விலை கூடிய மாடல்களுக்கு மட்டுமாம். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பொடி எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்களாம்.

மனிதர் அவசரத்தில் அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இது தெரிந்தால் அடுத்த ஞாயிறே செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். பிறகு அவரை யார் கிளப்புவது? எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள். அந்த ஐம்பது நிமிடத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"தம்பி, இதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மெக்கானிக் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். வண்டியின் ஃபைலை எடுத்துவந்து, பழைய தாள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அவளிடம் நீட்டினான்.

மூன்று வருடத்துக்கு முந்தைய சர்வீஸ் தாள்.

'கரி ஃபில்டர் உண்டா என்று உரிமையாளர் கேட்டார். இந்த மாடலில் இல்லை. விளக்கப்பட்டது.'

அதன் கீழே அவருடைய கையெழுத்து. தலைப்பெழுத்து, புள்ளி, முழுப் பெயர், தேதி.

தேதியை அவள் இரண்டு முறை படித்தாள். மகளை வெளியூரில் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த வாரம் அது. சமைக்கவும் பிடிக்காமல், பேசவும் பிடிக்காமல், மகளின் அறை வாசலிலேயே அவள் உட்கார்ந்து கிடந்த வாரம். தாளில் இருந்தது வெள்ளிக்கிழமை. அவர் புத்தகத்தை விரித்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றது அதற்கு இரண்டு நாள் கழித்து.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நல்லவேளையாக மெக்கானிக் டயரில் காற்றுப் பார்க்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். அவள் இறங்குவதற்குள், வண்டி எப்படி இருக்கிறதாம் என்று கேட்டார்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்காம். ஃபில்டர்லதான் கரி ஜாஸ்தியாம். வாரத்துக்கு ஒரு தடவை போதாதாம், ரெண்டு தடவை ஓட்டணுமாம்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தார்.

"ரெண்டு போதும்னு சொன்னானா?" என்றார்.