முத்துராமலிங்கம் உள்ளே இருக்கிறார்

மண்டபத்து மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் இலங்கைப் பெண் அனுஷியா, காலையில் ஒரு பழைய படகின் பதிவை நீக்கப் போனாள். எந்தப் படகு என்ற கண்டிஷனைப் போட மறந்ததில் அத்தனை படகுகளும் பட்டியலிலிருந்து போயின. பேக்கப்பும் பழுது. இனி வேலையும் போகும்.

அந்த நேரம் பார்த்து, விசிட்டிங் கார்டில் பாதியைப் பதவிப்பெயரே அடைத்துக்கொண்ட தணிக்கை அதிகாரி வந்தார். "போன தையில் செத்துப்போன முத்துராமலிங்கத்துக்கு எதுக்கும்மா லாகின்? தூக்கு."

"கண்டிஷன் போட்டியாத்தா?" என்று அவளை ஓயாமல் நச்சரித்த சீனியர் முத்துராமலிங்கம். மனசில்லாமல் அவர் லாகினைத் தூக்கப் பார்த்தாள்.

'இவர் உள்ளே வேலையில் இருக்கிறார், நீக்க முடியாது' என்றது திரை.

அவர் இணைப்பைத் துண்டித்தாள். மறுபடி உள்ளே வந்தார், மூலையிலிருந்த தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்தே. அதன் வயரை எப்போதோ பிடுங்கி, ஆயுதபூஜைச் சாமான்களை மேலே அடுக்கியிருந்தார்கள்.

உள்ளே என்னதான் செய்கிறார் என்று பார்த்தாள். படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

"முடியட்டும் சேர். இடையில மறிச்சா ஏசுவார்."

கடைசிப் படகும் சேர்ந்ததும் முத்துராமலிங்கம் வெளியேறினார். அதிகாரி வியர்வையைத் துடைத்தார். "போயிட்டாரா?"

"சாப்பிடப் போயிருப்பார் சேர். ரெண்டு மணிக்கு வந்திடுவார்."

'பணியில் இருப்பதால் நீக்கவில்லை' என்று அறிக்கை எழுதிவிட்டு, அதிகாரி ஒன்றே முக்காலுக்கெல்லாம் கிளம்பிவிட்டார்.

ரெண்டு மணிக்கு மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது. அனுஷியா திரும்பிப் பார்க்கவில்லை.

"இனிமே கண்டிஷன் போடுறன், அண்ணை" என்றாள்.